திருப்பித் தள்ளிய பொட்டலம்

மின்ஸ்க், செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

பிரஸ்ஸல்ஸிலிருந்து இனி அறிக்கை எதுவும் அனுப்பாதே. அதிபர் தேர்தல் மோசடி பற்றி ஐரோப்பா மறுபடியும் 'ஆழ்ந்த கவலை' தெரிவித்திருப்பதை வாசித்துக் காட்டினேன். "இன்னும் எவ்வளவு ஆழம்டி? இந்நேரம் தண்ணியே வந்திருக்கணுமே!" என்றாள் பக்கத்து வீட்டு ஜினாயிதா.

மோசடியை எதிர்த்த ஊர்வலத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன உன் அத்தானுக்குக் கம்பளிக் காலுறையும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் கொண்டுபோனேன். சிறைச் சன்னலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். போன வாரம்வரை வாங்கினார்கள். இன்று சன்னல்காரி திருப்பித் தள்ளினாள்.

"அப்படி ஒரு ஆளே இங்க இல்லம்மா. அடுத்தது யாரு?"

வென்றதாகச் சொல்லிக்கொள்பவரை அதிபராக ஏற்கமாட்டோம் என்று உங்கள் ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர் மாளிகையில்தான் இருக்கிறார். சன்னல்காரி ஒரே வரியில் இல்லை என்றாள். உன் அத்தானைக் காணோம்.

உன் அக்கா