ஸ்கீ பழக்குகிறவர்

20.03.2008, வியாழன்

காலையில் ஈரப்பனி. ஒஸ்லோவில் பூச்சியம் பாகை, மேலே போகப் போக இன்னும் குறையுமாம். வானொலி சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பத்து வருடமாய் இந்தப் பனியில்தான் பஸ் ஓட்டுகிறேன்.

எடுத்து வைத்தவை: கம்பளி உள்ளுடுப்பு (பழசு), பிளாஸ்க், அபிக்கு ரொட்டியும் சம்பலும், தலையிடிக் குளிசை. பொறுமை எடுக்கவில்லை. வீட்டிலும் இருக்கவில்லை.

எல்லோருக்கும் சொன்னது: ஈஸ்டர் முழுக்க டியூட்டி. ஹொல்ம்லியாவில் இருக்கும் அக்காவுக்கும் அதுதான். பிரிந்து போன மனுசியோடும் அவளுடைய நோர்வேக்காரனோடும் ஒரே காரில் மலைக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? காறித் துப்புவார்கள். வசந்தி (வ.) பிரிந்தது சனத்துக்குத் தெரியும். அவன் ஒருவன் இருப்பது தெரியாது. கேட்பவர்களுக்கு இரண்டு வருடமாய் ஒரே பதில்: "கொஞ்ச நாளைக்குத் தனிய இருக்கிறா, சரி வரும்."

போவது மகள் அபிக்காக. பதினொரு வயது. அந்த நோர்வேக்காரனுக்கு, ஸ்டைனாருக்கு (இனி ஸ்.), வடக்கே துரொண்ட்ஹெய்மில் வேலை கிடைத்துவிட்டது. கோடையில் வ.வும் போகிறாள். அபி அவர்களோடு போவதா, ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் என்னோடு இருப்பதா? பிள்ளையே சொல்லட்டும் என்று முடிவு. இந்த நாட்டில் பிள்ளையைக் கேட்பார்கள். ஈஸ்டர் முடியச் சொல்கிறேன் என்றாள் அபி. அதற்கு முன் நாலு பேரும் ஒருதரம் ஒன்றாய் இருக்க வேண்டுமாம். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

போன கிழமை என் தோளில் சாய்ந்து, "பெரும்பாலும் உங்களோடதான் அப்பா" என்றவள். அதைக் கெடுக்காமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் போதும்.

ஸ். காரை ஓட்டினான். முன் சீட்டில் என்னை இருத்தினான், வ. பின்னால். வழி நெடுக அவனுடைய தோளும் என் தோளும். "நீ பஸ் ஓட்டுகிறவன், வளைவில் நான் சரியாய்த்தான் எடுக்கிறேனா?" என்று கேட்கிறான். மரியாதையாலேயே மனிதரைக் கொல்கிறான்.

21.03, வெள்ளி. யெய்லோ

கழித்தல் எட்டுப் பாகை. வெயில் கண்ணைக் குத்துகிறது.

மலைவீடு அவனுடைய தகப்பனுடையது. உள்ளே தண்ணீர் இல்லை, கக்கூஸ் வெளியே. காசுள்ள சனம் வருடத்தில் நாலு நாள் ஏழையாய் இருந்து பார்ப்பதற்குப் பெயர் விடுமுறை. நாங்கள் இதிலிருந்துதானே ஓடி வந்தோம்?

ஈஸ்டருக்குக் கொலைக்கதை வாசிப்பது இவர்களுடைய வழக்கம். எனக்கும் ஒன்று தந்தான். யாரைக் கொல்லலாம் என்ற யோசனையோடு இரண்டு பக்கம் பார்த்தேன்.

ஸ்கீ. விழுந்தேன். எழும்பினேன். விழுந்தேன். வாயில் சூப்பி வைத்த குழந்தையொன்று என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஸ்கீ சரியில்லை என்றேன்.

வ.: "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

அபி சிரித்தாள். ஒரு சொல்லும் விளங்காமல் அவனும் சிரித்தான். பிறகு பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தினான். கடைசியில் என் இடுப்பையும் விட்டு வைக்கவில்லை.

அபி மேலேயிருந்து இறங்குவதைப் பார்த்தேன். பயமே இல்லை பிள்ளைக்கு. நெஞ்சு நிறைந்தது, உடனே வயிறு எரிந்தது. இதை அவளுக்குப் பழக்கியது நான் இல்லை.

பின்னேரம் ரொட்டியும் சம்பலும். "உந்தச் சம்பல் துரொண்ட்ஹெய்மில கிடைக்காது என்ன" என்றாள் அபி. ஸ்.க்குக் காரத்தில் கண்ணீர் வந்தது. நல்ல நாள்.

22.03, சனி

காற்று. சரிவின் அடியில் சொசேஜ் கடை. வரிசையில் நிற்கிறேன், பின்னால் தமிழ்.

"அட தம்பி! டியூட்டி எண்டல்லோ சொன்னனீர்?"

சிவபாலன் அண்ணை. வெள்ளிக்கு வெள்ளி கோயிலில் காண்கிறவர். கூடவே மனுசியும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும். நோர்வே முழுக்க மலை, இந்த மனிதருக்கு இதுதான் அகப்பட்டது.

மனுசி வ.வைக் கண்டுவிட்டாள். "வசந்தி! கடவுளே, சேர்ந்திட்டீங்களே?"

வ. வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணையின் கண் ஸ். மேல் போய்விட்டது. அவன் பனியில் முழந்தாளிட்டு அபியின் சப்பாத்துக் கொளுவியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆரிவர்?"

"பிள்ளைக்கு ஸ்கீ பழக்கிறவர்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாய் வந்தது. வ. திறந்த வாயை மூடினாள்.

"மணித்தியாலத்துக்கு என்ன எடுக்கிறார்?"

"தெரிஞ்ச ஆள் அண்ணை, பெரிசா இல்லை."

அண்ணை விட்டாரா? ஸ்.இடம் நேரே போய், நோர்வேஜிய மொழியில், என்னுடைய பிள்ளைகளுக்கும் கொஞ்சம் காட்டுவீரா என்று கேட்டார். அந்த மடையன் சந்தோஷமாய்க் கூட்டிக்கொண்டு போனான்! பெட்டைகள் இரண்டும் கீச்சிட்டுக்கொண்டு இறங்கி வந்தார்கள். முடிய, அண்ணை அவன் கையில் ஒரு நோட்டைத் திணித்தார்.

ஸ். முகம் சிவந்து அபியைப் பார்த்தான். இது ஏன் என்று கேட்டான். அபி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள். அவனுடைய மொழியில், ஒளிக்காமல் சொன்னாள்: நீங்கள் எனக்கு ஸ்கீ பழக்குகிறவர் என்று அப்பா இவர்களுக்குச் சொன்னார்.

"அது உண்மைதானே" என்றான் ஸ். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அபியின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டான்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாதவனை என்ன செய்வது?

விறகு எடுக்கப் போன இடத்தில் வ.: "அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பன். பிள்ளைக்கு முன்னால உங்களை அவமானப்படுத்தக் கூடாதெண்டு நிண்டனான். நீங்கள் அவளின்ர முகத்தைப் பாத்தனீங்களே?"

பார்க்கவில்லை. அண்ணையின் முகத்தைத்தான் பார்த்தேன்.

23.03, ஞாயிறு

மூட்டம். ஒருவரும் வெளியே போகவில்லை. ஸ். தோடம்பழம் உரித்துப் பாதி எனக்கு நீட்டினான். தின்றேன். புளி.

அபி இன்றைக்கு என்னோடு கதைத்தது: ஓம். இல்லை. பரவாயில்லை.

"அந்த மனுசன் ஊர் முழுக்கச் சொல்லித் திரியும், அதுதான் அப்பிடிச் சொன்னனான்" என்றேன்.

"தெரியும். கோயிலிலயும் அப்பிடித்தானே சொல்லுறனீங்கள்."

பெரியவர்களின் பாடு உனக்கு விளங்காது என்றேன். தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினாள். அவளும் கொலைக்கதைதான் வாசிக்கிறாள்.

24.03, திங்கள்

ஒஸ்லோவில் மழை. எல்லிங்ஸ்ருட்டில் இறக்கிவிட்டார்கள். ஸ். என் பையைக் கதவு வரை கொண்டுவந்தான். வேண்டாம் என்று பிடுங்கினேன். அபி பள்ளிக்கூடப் புத்தகங்கள் எடுக்க மேலே வந்தாள்.

சமையலறையில், சப்பாத்தையும் கழற்றாமல்: "அப்பா, நான் துரொண்ட்ஹெய்முக்குப் போறன்."

அவன் சொல்லித் தந்தானா என்றேன். அம்மாவா என்றேன். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ஒருத்தரும் இல்லை. இஞ்சை ஆரும் ஏதும் கேட்டா, என்ன சொல்லுறதெண்டு நான் முதல் உங்கட முகத்தைப் பாக்கோணும். அங்கை பாக்கத் தேவையில்லை." பிறகு, "லீவுக்கு லீவு வருவன் அப்பா."

ஸ். நாசமாய்ப் போக. வ.வும். சிவபாலன் அண்ணையும் அவருடைய பெட்டைகளும் அந்தச் சொசேஜ் கடையும். எல்லோரையும் மனதாரத் திட்டினேன். இவளைத் திட்ட வரவில்லை. போகாதே பிள்ளை என்று சொல்லவும் வரவில்லை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

டெலிபோன் அடித்தது. அக்கா. அழுகிறாள், சந்தோஷத்தில். சிவபாலன் அண்ணையின் மனுசி சொல்லிவிட்டாளாம்.

"நான் கோயிலுக்கு வைச்ச நேர்த்தி வீண் போகேல்லை தம்பி. குடும்பமாய்ச் சேந்திட்டீங்கள். பிள்ளையிட்டை ஒருக்காக் குடு, குரலைக் கேப்பம்."

அபி புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடி எனக்கு முன்னால் நின்றாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயணக் களைப்பு அக்கா" என்றேன். "பிள்ளை நித்திரை."