ஹீட்டரை மாற்றிய காரணம்

குளச்சல்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு.

பிரியமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெயிலிலும் உயரத்திலும் நின்று வேலை செய்கிற உங்களுக்கு அல்லாஹ் காவலாக இருக்கட்டும். மாமா நன்றாக இருக்கிறார். அதை முதலிலேயே எழுதிவிட்டேன். மற்றதைப் படிக்கும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மாமா காதில் விழும். வாய்ஸ் அனுப்பினால் நீங்கள் ரூமில் எல்லோருக்கும் நடுவில் போட்டுக் கேட்பீர்கள். அடுத்த தெரு முஹம்மது ஷரீஃப் காக்கா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் கவரை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

உங்களிடம் கேட்காமல் ஹீட்டரை மாற்றியது உங்களுக்குக் கோபம். "ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள்ள பிளம்பர ஏத்தினியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தீர்கள். அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா கட்டிலில் என் பக்கத்தில்தான் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த ஹீட்டர் நம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கடல் காற்றில் அதன் அடிப்பாகம் துருவேறி, தொட்டால் செதில் செதிலாக உதிரும். ஐப்பசி மழை தொடங்கியபோது அடியிலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. கீழே வாளி வைத்தேன். பிறகு ஒரு நாள் குழாயைத் திருகும்போது விரலில் சுர்ரென்று பிடித்தது. இரண்டையும் உங்களிடம் சொன்னேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளிக்கச் சொன்னீர்கள். யாரையும் தொடவிடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். பெரிய பெரிய கட்டிடங்களுக்கே பைப் போடுகிறவர், உங்களுக்குத் தெரியாததா என்று நானும் விட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. நானே சுவிட்சைப் போட்டு, சூடானதும் அணைத்துவிட்டுத்தான் மாமாவை உள்ளே விடுவேன். வாதம் வந்த இடது கைக்கும் காலுக்கும் வெந்நீர் ஊற்றச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறாரே, அதை நிறுத்தவும் முடியாது.

அது நடந்த அன்றைக்கும் அப்படித்தான் அணைத்திருந்தேன். மாமா போவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது போலிருக்கிறது. என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அவரே சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். மருமகள் இருக்கிற வீடல்லவா, அவருக்கு வெட்கம்.

நான் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். குக்கர் போல ஒரு சீறல் கேட்டது. கூடவே மாமாவின் சத்தம். என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. வாதம் வந்ததிலிருந்து அவருக்கு வார்த்தை குழறுகிறது, அவசரத்தில் பேசினால் இன்னும் மோசம். தலை துவட்டத் துவர்த்து கேட்கிறார் என்று நினைத்து, கொடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது.

வெளிச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். சுவர் முழுக்க ஈரம். கையை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடி மெயினை அணைத்தேன். "மாமா, குழாயத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தேன். உள்ளே சீறல் மட்டும் கேட்டது. மச்சான், அந்த நேரத்தில் என் மனதில் என்னென்ன வந்தது என்று எழுத மாட்டேன். பிளாஸ்டிக் கதவுதானே, உதைத்தேன். மூன்றாவதோ நான்காவதோ உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து போனது. என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஷாஜிதா மைனியும் ஓடி வந்துவிட்டார்.

ஹீட்டரின் அடிப்பாகம் பிளந்து, வெந்நீர் எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. மாமா மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கியிருந்தார். கால் இரண்டையும் தரையில் படாமல் மேலே தூக்கி வைத்திருந்தார். இடது கால் தானாக எழும்பாது. அதை வலது கையால் பிடித்துத் தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மக்கா, நீ வெளிய போ" என்றார். அது மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது. துவர்த்தை அவர் மேல் போர்த்திவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நானும் மைனியுமாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தோம்.

கட்டிலில் கிடத்திய பிறகுதான் இடது கையைப் பார்த்தோம். முழங்கையிலிருந்து விரல் வரை தோல் வெந்து கொப்புளித்திருந்தது. அந்தக் கையில் உணர்ச்சி குறைவு என்பதால் அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மைனிதான் கூடவே இருந்தார். புண் இப்போது ஆறி வருகிறது. வீடியோவில் மாமாவின் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேனே, அது இதற்காகத்தான்.

அடுத்த நாள் திங்கள்நகரிலிருந்து சிஜோ என்ற பிளம்பர் புது ஹீட்டரோடு வந்தார். பழையதைக் கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தார். சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிற வாயில் ஒரு பிளக்கை வைத்து, டேப் சுற்றி இறுக்கியிருந்தது. உள்ளே அழுத்தம் கூடினால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். வேறு போக்கில்லாமல் துருப்பிடித்த அடிப்பாகத்தைப் பிளந்துவிட்டது என்றார். "இத அடச்சது யாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், மச்சான். போன லீவில் நீங்கள் ஸ்டூலில் ஏறி அதை இறுக்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தானே. ராத்திரியெல்லாம் சொட்டுகிற சத்தத்தில் உங்கள் வாப்பாவுக்கு உறக்கமில்லை என்றுதான் செய்தீர்கள். அன்றைக்கு அவர் நிம்மதியாக உறங்கினார், நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் சிஜோ கேட்டபோது உங்கள் பேரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "நான்... நான்தான் அடச்சேன்."

சிஜோ அவர் கையைப் பார்த்தார். அந்தக் கை ஸ்டூலில் ஏறி எதையும் இறுக்கியிருக்காது என்று யாருக்கும் தெரியும். பிறகு அவர் புதிதை மாட்டி, ஷாக் அடித்தால் தானாகக் கரண்ட்டை நிறுத்துகிற பிரேக்கரையும் போட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "உவைஸ்ட்ட சொல்லாண்டாம். அவன் அங்க கெடந்து வெசனப்படுவான்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உங்களை வெசனப்படுத்த இதை எழுதவில்லை. நீங்கள் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லாதிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். இந்த வீட்டில் ஆம்பிளை இருக்கிறார்.

புது ஹீட்டர் சும்மாதான் இருக்கிறது. மாமா பாத்ரூமுக்குள் போக மாட்டேன் என்கிறார். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்கிறார். நான் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஆனால் உங்கள் போன் வருகிற நேரம் அவருக்குத் தெரியும். அதற்கு முன்பே தொண்டையைச் செருமிக்கொண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "வாப்பா பேசுதது ஒண்ணும் விளங்கல்ல, நீ போன வாங்கு" என்று என்னிடம் சொல்கிறீர்கள். உங்களுக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காகிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுத வேண்டாம், மச்சான். மாமாவைக் கூப்பிடுங்கள். ஹீட்டரைப் பற்றியோ கையைப் பற்றியோ பேச வேண்டாம். "குளிச்சாச்சா வாப்பா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமாகும். நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விடுவேன். என்னிடம் கொடுக்கச் சொன்னாலும் வாங்குவதற்கு அங்கே ஆள் இருக்காது.

துஆவுடன்,
உங்கள் ஷம்னா