எலும்போடு ஒரு சப்பைக் கறி

என் பிரியமான மச்சான் சேவியருக்கு,

எத்தனை முறை சோப்புப் போட்டாலும் புகை வாசம் போகாத கையோடு உன் மாப்பிள்ளை எழுதுகிறேன். உன் டிரம்மை மறுபடியும் மூட்டிவிட்டேன். வேறு யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட நினைத்தேன்.

கப்பல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நீ. எண்ணெய் டிரம் ஒன்றை நெடுக்காக அறுத்து, கீல் வைத்து, என் வீட்டு மொட்டை மாடியில் கொண்டுவந்து நிறுத்தினாய். ஈஸ்டருக்குப் பன்றிக்கறியைப் புகையிலேயே வேகவைக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் தெருவே சிரித்தது. சாப்பிட்டுப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நமக்குள் இருந்த ஒரே சண்டை எலும்புதான். முன்னங்கால் சப்பையை எலும்போடுதான் போட வேண்டும் என்பாய். எலும்பை எடுத்துவிட்டால் உள்ளே வரை உப்பும் மிளகும் தடவலாம், சீக்கிரம் வேகும், துண்டு போடுவதும் சுலபம் என்பேன் நான்.

"எலும்ப எடுத்துட்டா தொளதொளன்னு விரிஞ்சு போகும் மாப்ள. அப்புறம் கயித்தக் கட்டிக்கிட்டு கெட."

கட்டினேன். ஒவ்வொரு வருடமும் சலிக்காமல் கட்டினேன். டிரம்மில் பாதி உன் கறி, பாதி என் கறி. என்னுடையது முதலில் வெந்துவிடும். நீ மட்டும் இடுக்கியோடு நின்று, "எலும்பத் திருகிப் பாத்தா வெந்துருச்சான்னு அதுவே சொல்லும். ஒன் கறி என்னத்தச் சொல்லும்?" என்று வம்பிழுப்பாய். இப்போது வம்பிழுக்க ஆள் இல்லை மச்சான்.

பொங்கலுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ, எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து உன் தங்கச்சி ரீத்தா கறியைத் தொடவில்லை. எங்களுக்கெல்லாம் சமைத்துப் போடுவாள். தனக்கு மட்டும் ரசச் சோறு. தவக்காலம் வந்தது. ஊரே கறி தின்னாத நாட்களில் அவள் தின்னாதது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டே இருந்தது. புடவையில் ஆள் பாதியாகிவிட்டாள். ஈஸ்டர் அன்றாவது சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கறிக்கடைத் தம்பி என்னைப் பார்த்ததும், "எலும்ப எடுத்துரவாண்ணே?" என்றான். எடுக்கச் சொன்னேன். என் வழக்கம் அதுதானே? கயிறு கட்டி, கொய்யா விறகில் புகை போட்டேன். பாதி டிரம் காலியாகக் கிடந்ததை மட்டும் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

கறி நன்றாகவே வந்திருந்தது. நீ இருந்திருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பாய், கொஞ்சம் முனகியாவது. எல்லோரும் புகழ்ந்தார்கள். இத்தனை வருடச் சண்டையில் அன்றைக்குத்தான் நான் ஜெயித்தேன். ஜெயித்து என்ன செய்ய?

ரீத்தா எல்லோருக்கும் பரிமாறினாள். நல்ல துண்டாக ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலும்பு எங்கங்க?"

"எடுத்தாச்சே. நான் எப்பவும் எடுத்துத்தானே போடுவேன்?"

"ஆமா, நீங்க எடுத்துருவீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சப்பையின் அந்த அகல எலும்பை உருவி, ஓரத்தில் ஒட்டிய கறியோடு அவள் தட்டில்தானே வைப்பாய்? சின்ன வயதில் அதற்காக உன்னோடு மல்லுக்கட்டுவாள் என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் ருசிக்காகச் சண்டை போடுகிறோம் என்றே நினைத்திருந்தேன். நீ எதற்காகப் பிடிவாதம் பிடித்தாய் மச்சான்? கறிக்காகவா, அவளுக்காகவா?

அடுத்த ஞாயிறு மறுபடியும் கடைக்குப் போனேன். "எலும்போடயே குடுப்பா" என்றேன். தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சேவியர் அண்ணனுக்குக் குடுப்பேனே, அப்பிடியாண்ணே?" என்றான். தலையை மட்டும் ஆட்டினேன்.

காலைப் பூசை முடிந்து வந்து மூட்டினேன். மத்தியானம் ஆகியும் கறி அசைந்துகொடுக்கவில்லை. வெயிலில் நின்று, கண் எரிய எரிய, வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். பாதியில் அழுதும்விட்டேன். புகையால் வந்த கண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது உனக்காக வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் எலும்பைப் பிடித்துத் திருகினேன். நீ சொன்ன மாதிரியே வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

அதை ரீத்தா தட்டில் வைத்தேன். அவள் கையில் எடுத்தாள். ஓரத்தில் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"உப்புப் பத்தல. எங்கண்ணன் இன்னுங் கொஞ்சம் போடும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய் கடித்தாள். அந்த எலும்பில் ஒட்டியிருந்த கடைசி நார் வரைக்கும் விடவில்லை மச்சான்.

எலும்பில்லாத கறிதான் நல்லது. அதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் இனி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் டிரம்மில் உன் பாதி காலியாக இருக்காது. உப்பையும் கூட்டிப் போடுகிறேன்.

உன் தங்கச்சியை இனிப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ளும்,
உன் மாப்பிள்ளை