அப்பாவின் வரிசை

மார்ச் 3, செவ்வாய்

அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வாரம். அம்மா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்கிறாள். தட்டு காய்ந்து கிடக்கிறது, யாரிடம் கதை விடுகிறாள்? வளையல் முழங்கை வரை ஏறுகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

மார்ச் 5, வியாழன்

அப்பா ராணுவத்தில் சமையற்காரர். ஓய்வு பெற்று வந்த பிறகும் முகாமை விட்டு வரவே இல்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு மேசைக்கு வராது. தட்டோடு சமையலறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா கரண்டியோடு நின்று "அடுத்தது" என்பார். முதல் இடம் எப்போதும் அம்மாவுக்கு. "பெரிய ஆபீசர் முன்னாடி வாங்க" என்று ஒரு சல்யூட் வேறு. கடைசி ஆள் அப்பா. பானையின் அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சாப்பிடுவார், என்னவோ விருந்து மாதிரி.

கல்யாணமான புதிதில் என் கணவர் தட்டும் கையுமாக நின்று விழித்த விழி இருக்கிறதே! "உங்க வீடா, ஜெயிலா?" என்று காதைக் கடித்தார். ஒரே வாரத்தில் என்னை முந்திக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது எல்லோரும் மேசையில் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். தொண்டையில் இறங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அம்மா: ஒரு ரொட்டித் துண்டு. அதிலும் பாதி.

மார்ச் 9, திங்கள்

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு ஒரு தபால்காரர் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. என் மேசையில் இருந்த அப்பா படத்தைப் பார்த்ததும் வலியை மறந்துவிட்டார்.

"கரண்டி அண்ணன் பொண்ணா நீங்க?"

அப்பாவுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்ததே எனக்குத் தெரியாது.

"ராணுவத்துல சேர்ந்த புதுசுல வீட்டு நெனப்பு தாங்காம பட்டினி கெடந்தேம்மா. அழுதா கேலி பண்ணுவாங்கன்னு அடக்கிக்கிட்டே இருந்தேன். அண்ணன் புத்தியெல்லாம் சொல்லல. ஒரு கூடை வெங்காயத்த முன்னாடி வச்சு, 'இத நறுக்கு, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க'ன்னாரு. நறுக்கி முடிச்சப்ப பசி எடுத்துச்சு."

டாக்டர் இரண்டு முறை மணி அடித்த பிறகுதான் அவரை உள்ளே அனுப்பினேன். அப்பா, இதை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை?

மார்ச் 11, புதன்

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "இன்னும் எடை குறைஞ்சா சேர்த்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டர். அம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல.

தபால்காரருக்குப் போன் செய்தேன். அப்பாவோடு இருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் ஒரு கூடை வெங்காயத்தை அம்மா முன்னால் வைத்தேன்.

"இவ்வளவா?"

"ஆளுங்க வர்றாங்கம்மா."

மூன்றாவது வெங்காயத்தில் தோள் குலுங்கியது. நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே வந்த என் கணவருக்குக் கண் காட்டினேன், சத்தமில்லாமல் திரும்பிவிட்டார். அம்மா அழுதுகொண்டே நறுக்கினாள், நறுக்கிக்கொண்டே அழுதாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதியம் வந்தவர்கள் எல்லாம் நரைத்த தலைகள். யாரும் சொல்லாமலே தட்டோடு சமையலறை வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். முன்னால் நின்ற தபால்காரர் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். பின்னாலிருந்து அம்மா வந்தாள், கையில் தட்டு.

அப்பாவின் இடத்தில் கரண்டியோடு நின்ற எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"சொல்லுடி, ஆளுங்க நிக்கிறாங்க இல்ல?"

"அடுத்தது" என்றேன்.

அப்பா, உங்களுக்குக் கோடி நன்றி.

மார்ச் 17, செவ்வாய்

"அன்னைக்கு அவ்வளவு வெங்காயம் தேவையே இல்ல. பாதி அப்படியே கெடக்கு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். "உங்கப்பா வேலை மாதிரியே இருந்துச்சு."

குழம்பில் உப்பு போதவில்லை என்றும் குறை சொன்னாள். சொல்லிவிட்டு, மறுபடியும் தட்டோடு வந்து நின்றாள்.

கடைசியில் பானையின் அடியில் ஒட்டியிருந்ததுதான் எனக்கு. நல்ல ருசி.