மாடிப்படிக்குக் கீழே இருந்த சைக்கிள்

பிப்ரவரி 6

அன்புள்ள சிட்டுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வா, பிறகு மேலே படி. உன் அப்பன் ஒரு சைக்கிளின் முன்ஃபோர்க்கை முன்னுக்குப் பின்னாக மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாக வேலைக்குப் போய் வந்திருக்கிறான்.

மருந்துக் கிடங்கில் "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி பார்த்துப் பெட்டி அடுக்கியே தலை நரைத்தவன் நான். சைக்கிளில் அம்புக்குறி போடாதது என் குற்றமா?

கிடங்குப் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு பழைய மலைச் சைக்கிளைத் தூசி தட்டினேன். தூசியா அது, துரு. சீட்டுக் கம்பி சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சீட்டை நானும் சட்டத்தை உன் அம்மாவும் பிடித்து இழுத்தோம். அது வந்த வேகத்தில் ஆளுக்கொரு சுவரில் போய்ச் சாய்ந்தோம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டாள். தேவையில்லைதான். முள்ளுமுள்ளான டயரைக் கழற்றி, ரோட்டுக்கு ஏற்ற வழவழப்பான டயர் போட்டேன். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, சாப்பாட்டுப் பைக்கு முன்னால் ஒரு கூடை. ஃபோர்க்கைக் கழற்றிக் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டும்போதுதான் கோட்டை விட்டேன்.

நேராகப் பிடித்தால் அது கோணலாகப் போகும். திரும்பினால் சக்கரம் கால் விரலில் இடிக்கும். "என்ன சார், நீங்க நிதானமாத்தான் இருக்கீங்க, சைக்கிள்தான் தண்ணி போட்டிருக்கு போல," என்றார் கிடங்குக் கணக்கர். கடைசியில் சிக்னலில் ஒருத்தர் பார்த்துவிட்டு, "ஃபோர்க் திரும்பியிருக்கு, பிரேக் எல்லாம் உள்பக்கம் போயிடுச்சு பாருங்க," என்றார். நடைபாதையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சாம்பல் நிற சாக்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்த, எல் எழுத்துபோல் வளைந்த எல் சாவியால் தளர்த்தித் திருப்பி மாட்டிக் கொடுத்தார். இப்போது வெண்ணெய் போல ஓடுகிறது.

போனில் இதைச் சொல்லியிருப்பேன். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். என் மானம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

உன் அப்பா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்தேன். ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்ததை மட்டும் மூன்று முறை படித்தேன். ஹெல்மெட் போடுகிறீர்கள்தானே?

பழைய மலைச் சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சைக்கிள் என்று எழுதவில்லை. நானும் அவரும் நம் வீட்டு மாடியில் குடியிருந்தபோது படிக்குக் கீழே நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று கிளம்பும்போது சொன்னேன். போட்டாயிற்று என்றீர்கள்.

அப்புறம், எல் சாவியைச் சாம்பல் நிற சாக்ஸில் சுருட்டி வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அந்த சாக்ஸின் ஜோடியைத் துணிக் கூடையில் தேடித் தேடி அலுத்தவள் நான். எங்களுக்கு விவாகரத்தாகி மூன்று வருஷம் ஆன பிறகும் அதை மறக்கவில்லை.

"ஒருத்தர்" என்று எழுதினீர்களே, யார் அப்பா அது?

சிட்டு

*

பிப்ரவரி 24

அன்புள்ள சிட்டுக்கு,

பொய் சொல்லவும் கொஞ்சம் படிப்பு வேண்டும் போலிருக்கிறது. என் படிப்பு அந்த சாக்ஸைத் தாண்டவில்லை.

இரும்புக்காரர் வந்தார். தராசைக்கூட இறக்கிவிட்டார். "நாளைக்கு வாப்பா," என்று அனுப்பினேன். சைக்கிளின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு, உன்னிடம் போட்டாயிற்று என்றேன். போர்வையைப் போட்டேன் என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சிக்னலில் "மாமா" என்று ஒரு குரல். திரும்பாமலே யாரென்று தெரிந்துவிட்டது. பச்சை விழக்கூடாதா என்று துடித்தேன். ஒருவருடைய சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அவரிடமே அகப்பட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கூடையிலிருந்த சாப்பாட்டுப் பையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். சைக்கிள் தன்னுடையது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லா வேலை பண்ணியிருக்கீங்க மாமா, இது ஒண்ணுதான்," என்று ஃபோர்க்கைக் காட்டினார். அவர் மண்டியிட்டு வேலை செய்ய, நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பையன்கூட அப்படி நின்றிருக்கமாட்டான்.

ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்பாய். என்றைக்காவது கேட்டு வருவார் என்று நினைத்தேன். வந்தால் உள்ளே வருவார். உள்ளே வந்தால் உட்காருவார். உட்கார்ந்தால் உன்னைப் பற்றி ஒரு பேச்சு வரும். அங்கிருந்து மேலே யோசிக்க எனக்குப் படி இல்லை. அதுவரைக்கும் யோசித்தேன். பஸ் நின்றது ஒரு சாக்கு.

திட்டி எழுது. நீ எழுதாமல் இருந்தால்தான் கஷ்டம்.

உன் அப்பா

*

மார்ச் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டவில்லை. நானும் ஒன்றை உங்களிடம் மறைத்தேன்.

அவருக்குப் போன வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. அவரே எழுதித் தெரிவித்தார். நானும் வாழ்த்து அனுப்பினேன், மனதாரத்தான். எனக்கு அது தாங்கியது. உங்களுக்குத் தாங்காது என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை, அப்பா. கோபமாக இருந்திருந்தால் ஆறியிருக்கும். இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேசி முடித்தது அது. எங்களுக்கு முடிந்துவிட்டது. உங்களுக்குத்தான் இன்னும் முடியவில்லை.

சைக்கிள் அவருடையது. அவர் வீட்டுக்குப் போய், ஓட்டலாமா என்று நேரில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். என்னைப் பற்றி எதுவும் பேசவேண்டாம். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

அவர் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

சிட்டு

*

மார்ச் 17

அன்புள்ள சிட்டுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் வேலைக்கு நடந்தே போனேன். சைக்கிளைத் தொடக் கை வரவில்லை. கல்யாணம் ஆனவருடைய சாமானை அவர் வருவாரென்று போர்வை போட்டு மூடி வைத்திருந்த என்னை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும், அவ சொன்னா," என்றாள். வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டாவது மாடி. சைக்கிளைக் கீழே விடுவதா, தூக்கிக்கொண்டு ஏறுவதா என்று புரியாமல் தூக்கிக்கொண்டே ஏறினேன். கதவைத் திறந்தது அவர் கட்டிக்கொண்ட அந்தப் பெண். வியர்த்து, மூச்சு வாங்கி, தோளில் சைக்கிளோடு ஒரு கிழவன் நின்றால் யார்தான் பயப்படமாட்டார்கள்? அவள் பயப்படவில்லை. உள்ளே பார்த்து, "ஏங்க, அவங்க அப்பா வந்திருக்காங்க," என்றாள். யாருடைய அப்பா என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "உட்காருங்கப்பா," என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் இவ்வளவு மரியாதையாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் சுவரோரம் தொட்டில் கட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் சில மாதம் இருக்கிறதாம். நீ இதையும் அறிந்திருப்பாய்.

நான் நீ சொன்னபடியே கேட்டேன். "இது உங்களுது. கேக்காம எடுத்தது தப்பு. ஓட்டலாமா, விட்டுட்டுப் போகட்டுமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கூடையைப் பார்த்துச் சிரித்தார். "மலைக்குப் போகணும்னு காலேஜ்ல வாங்கினது மாமா. ஒரு மலையையும் பாக்கல. நீங்களாவது வேலைக்கு ஓட்டுறீங்க. வெச்சுக்கங்க."

பிறகு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றேன். உன்னைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. சத்தியம்.

கீழே அவரே தூக்கி வந்தார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சிட்டு, ஒரு விஷயம். இத்தனை நேரமும் அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமலே பேசியிருக்கிறேன். அவருக்குக் கஷ்டமில்லை, பழையபடியே மாமா என்கிறார். எனக்குத்தான் இடம் மாறிவிட்டது. சார் என்றால் அவர் மனசு கோணும். தம்பி என்றால் பொய்யாக இருக்கும். அதனால் "இந்தாங்க", "பாருங்க" என்றே ஓட்டிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தேன். கீழே இருக்கிற கேட்டை அவர் திறந்து பிடித்துக்கொண்டார். "பாத்துப் போங்க மாமா," என்றார்.

"வர்றேன்," என்றேன். அதோடு சேர்ந்து வழக்கமாக வருகிற வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. மிதித்துவிட்டேன். தெருமுனை தாண்டின பிறகும் அது வாயிலேயே இருந்தது.

மாப்பிள்ளை.

உன் அப்பா