என் கை பிசைந்த சாதம்

12 மே 1979, சனி

நேற்று சித்ரா பௌர்ணமி. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலிக்கிறது. மலை சுற்ற நல்ல கூட்டம். மத்தியானமே பிசைந்து வைத்த இரண்டு அண்டா தயிர்ச் சாதமும் இருட்டியதும் காலி. போன வருடம் டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் பௌர்ணமிதோறும் கரண்டி படாமல் என் கையாலேயே பிசைந்து போடுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை.

ஓரகத்தி தனம் அக்கா ஒத்தாசைக்கு வந்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு அண்டாவைத் தொடப்போனாள். நான் விடவில்லை. சாமி சோற்றில் சோப்பு வாசனை வரலாமா? வெறும் தண்ணீரில் அலசினால் போதாதா? முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

மாட்டுவண்டி ஓட்டும் இருசப்பன் அண்ணன் கூச்சப்பட்டுத் தள்ளி நின்றார். கூப்பிட்டு இரண்டாவது தொன்னையும் நிறையப் போட்டேன். "உன் கை ருசி யாருக்கும் வராதும்மா" என்றார். மனசு குளிர்ந்துவிட்டது.

19 மே

மூன்று ஜாக்கெட் தைத்தேன். தாங்க முடியாத வெயில்.

29 மே

தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். இருசப்பன் அண்ணனும் படுத்துவிட்டார். டைபாய்டு என்கிறாராம் டாக்டர். எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு யோசிக்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கன்னியம்மாள் ஊற்றும் பால்தான். ஏரித் தண்ணீர் கலக்காமல் அவ்வளவு பால் எப்படி வரும்?

1 ஜூன்

கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "தெருவையே படுக்க வச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

கன்னியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "எம் மாடுங்க மேல சத்தியமா நான் தண்ணி ஊத்தல ரேணும்மா. என்னெ பாத்து ஏன் இப்டி சொல்ற?"

புருஷன் இல்லாதவள், இரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கிறவள். ஆனாலும் நான் விடவில்லை. மற்றவர்களும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரே சத்தம்.

5 ஜூன்

யாரும் அவளிடம் பால் வாங்குவதில்லை. நல்லது.

10 ஜூன்

நேற்று பௌர்ணமி. வேறு இடத்தில் பால் வாங்கிப் பிசைந்து போட்டேன். காய்ச்சல் பயத்தில் கூட்டம் கம்மி.

17 ஜூன்

இருசப்பன் அண்ணன் போய்விட்டார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டதாம். அவர் பெண்சாதி பச்சையம்மாள் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க முடியவில்லை.

சாவுக்குக் கன்னியம்மாளும் வந்தாள். "நீ இன்னாத்துக்கு வந்த?" என்று யாரோ விரட்டினார்கள். போய்விட்டாள்.

25 ஜூன்

ராஜமாணிக்கம் என்று ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். செங்கத்திலிருந்து மலை சுற்ற வந்த சிலருக்கும் இதே காய்ச்சலாம். அவர்கள் கன்னியம்மாள் வீட்டுப் பக்கமே போனதில்லை. இங்கே சாப்பிட்டது என் தயிர்ச் சாதம் மட்டும்.

"சாதத்துல ஊத்துனதும் அவ பாலுதாங்க" என்றேன்.

"காய்ச்சி ஊத்துனீங்களா?"

"பொங்கப் பொங்க."

"அப்போ பால் காரணம் இல்லம்மா. பிசைஞ்சவங்களுக்கு இதுக்கு முன்ன டைபாய்டு வந்திருக்கா?"

வந்தது என்றேன். மலம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பாவை நீட்டினார். சீ, என்ன மனுஷன்! வேண்டுதல் செலுத்துகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

6 ஜூலை

நான்தான்.

7 ஜூலை

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் கொடுத்தனுப்பிய டப்பாவின் முடிவோடு வந்த ஆய்வாளர் பொறுமையாகத்தான் சொன்னார். "காய்ச்சல் உங்கள விட்டு போயிடுச்சிங்க, கிருமி போகல. பித்தப்பையில தங்கிடுச்சி. உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா மலத்துல வரும். வெறும் தண்ணியில கழுவினா நகத்துல நின்னுடும்." வீட்டில் சூடாகச் சாப்பிடுவதால் என் வீட்டுக்காரர் தப்பித்திருக்கலாமாம். அண்டாவில் மணிக்கணக்காகக் கிடந்த சாதத்தில் கிருமி பெருகிவிட்டது. பல வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். கிருமி இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியாகும்வரை வெளியாருக்குச் சமைக்கக் கூடாது. வீட்டிலும் சோப்பில்லாமல் எதையும் தொடக் கூடாது.

சுத்தமான கையைத் தள்ளிவிட்டு இந்தக் கையை விட்டேனே. தள்ளி நின்ற மனுஷனைக் கூப்பிட்டுப் போட்டேனே! போன மாதமும் போட்டிருக்கிறேன். அதைச் சாப்பிட்டவர்கள் எந்த ஊரோ, அங்கே யார் படுத்துக் கிடக்கிறார்களோ.

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "நமக்குள்ளயே இருக்கட்டும் ரேணுகா. நீ வேணும்னா பண்ண?"

சாதம் போட்டது வேண்டுமென்று செய்ததில்லை. கன்னியம்மாளைத் திட்டியது?

8 ஜூலை

கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ஒரு மாடுதான் நிற்கிறது. இன்னொன்றை விற்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? கெணத்தாண்ட வச்சிதானே கேட்ட? அங்க போயி சொல்லு."

9 ஜூலை, பௌர்ணமி

காலையில் கிணற்றடியில் சொன்னேன். நம்பினால்தானே! தனம் அக்கா சிரித்தேவிட்டாள். "சாமி சோத்துல காய்ச்சல் வருமாடி? அந்த ஆளு ஏதோ சொன்னான்னு வேண்டுதல நிறுத்தாத, தெய்வ குத்தம் ஆயிடும்." கன்னியம்மாள்மேல் இரக்கப்பட்டு நான் பழியை ஏற்றுக்கொள்கிறேனாம். எனக்குத் தங்கமான மனசாம். அடக் கடவுளே, இதற்கு அவர்கள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சாயங்காலம் தனம் அக்காவே சாதம் வடித்து, அண்டாவைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். ஜனங்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். முன்னால் இருசப்பன் அண்ணன் மகள் வேதா, தொன்னையைப் பிடித்துக்கொண்டு.

என்ன ஆனதோ எனக்கு. இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக் கத்தினேன். "இந்தக் கையிலதான் கிருமி இருக்கு! இருசப்பன் அண்ணன் செத்தது இந்தக் கை பிசைஞ்ச சோத்தாலதான்! கன்னியம்மா பால்ல ஒண்ணும் இல்ல! போட சொல்றீங்களா? போடட்டுமா?" ஒரு கையை அண்டாவின் பக்கம் கொண்டுபோனேன்.

தனம் அக்கா வேதாவின் தோளைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. வரிசை கலைந்தது. நம்பிவிட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு தனம் அக்கா சோப்பு எடுத்துவந்து தன் கையை முழங்கைவரை கழுவிவிட்டு, கரண்டி போட்டுக் கிளறி எல்லோருக்கும் கொடுத்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

18 ஜூலை

தைக்கக் கொடுத்திருந்த துணிகளை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். துணியில் கிருமி வராது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

பச்சையம்மாள் அக்கா வாசலில் வந்து நின்றாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இன்று அடுப்பு மூட்டவில்லை. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டேன்.

3 ஆகஸ்ட்

காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகக் கன்னியம்மாள் வீட்டுக்குப் பால் வாங்கப் போனேன். வாசலில் பேச்சுச் சத்தம். தனம் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் நிறைந்த சொம்போடு வெளியே வந்தார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

கன்னியம்மாள் காலிப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினாள். "தீந்துபோச்சி. ஒரு மாட்டுப் பாலு எத்தினி பேருக்கு வரும்? நேரத்தோட வரணும்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுக் கடுங்காப்பி போட்டுக் குடித்தேன்.