நீங்கள் உருவாக்காத பந்துவீச்சாளன்

சேர்,

நேற்றுப் பின்னேரம் உங்கள் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு படம். உங்கள் விறாந்தைச் சுவரில் மாட்டிவைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் இத்தனை வருடமாகக் காட்டிக்கொண்டிருந்த அதே படம். நீங்கள் வெள்ளைக் களிசானும் கழுத்துப்பட்டியுமாக நிற்கிறீர்கள். பக்கத்தில் நான், நாட்டு அணியின் மேற்சட்டையோடு. உங்கள் வலது கை என் தோளில் கிடக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று நினைவு மலர் வெளியிடுகிறார்களாம். படத்தை முன்பக்கத்தில் போட்டு, கீழே ‘தான் உருவாக்கிய வீரனுடன்’ என்று எழுதப்போகிறார்களாம். கூடவே நானும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

“அப்பா கடைசிவரைக்கும் உங்களைப் பற்றித்தான் கதைச்சவர்,” என்றார் உங்கள் மகன். நல்ல மனிதர். தேத்தண்ணீர் குடித்த கோப்பையைத் தானே குசினிவரை கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார். உங்களிடமிருந்து அந்தப் பழக்கம் வந்திருக்க ஏலாது.

எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எழுதுகிறேன்தான். ஆனால் இதை அவருக்குக் கொடுக்கமாட்டேன். மலருக்கு எழுத ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை; செத்தவரைப் பற்றி அழகாகப் பொய் சொல்ல எல்லாருக்கும் தெரியும். இது உங்களுக்கு. உயிரோடு இருந்தபோது உங்கள் முன்னால் சொன்னவற்றை, ஒரே ஒரு தரம் தவிர, நீங்கள் காதில் வாங்கவில்லை. இனியும் வாங்கப்போவதில்லை. என்றாலும் நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும்.

நான் பந்து போடப் பழகியது உப்புவெளிக் கடற்கரையில். வெள்ளைக்காரனின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஐயாவின் வேலையும் போயிற்று. அவர் புல்மோட்டைக்குக் கறுப்பு மண் அள்ளப் போனார். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். வீட்டைப் பார்த்தது சரசு அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் உடைந்த துடுப்பொன்றை அலை நனைத்த மணலில் நட்டுவிட்டு, ஓடிவந்து கோர்க்குப் பந்தைப் போடுவேன். பின்னால் நின்று பிடிக்க ஒருவனும் வரமாட்டான். நோகும் என்று பயம். அக்காதான் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நிற்பாள். அவளுடைய சின்னவிரல் அங்கேதான் முறிந்தது. முறிவு வைத்தியம் பார்க்கிற ஒட்டகப்புலத்துப் பரியாரி கட்டியும் அது நிமிரவில்லை. இன்றைக்கும் கோப்பையைப் பிடிக்கும்போது அது மட்டும் வேறு பக்கம் பார்க்கும்.

அக்காவுக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் வாய் சும்மா இருக்காது. “முந்தின பந்து கடல் பக்கம் வளைஞ்சுது. இது மாட்டு வண்டி மாதிரி நேராய் வருகுது. ஏன்?” என்று கேட்பாள். எனக்கும் தெரியாது. அந்த ஏனுக்குப் பதில் தேடித் தேடித்தான் பந்தின் தையலை எந்தப் பக்கம் பிடிப்பது, கச்சான் காற்று முதுகில் அடித்தால் என்ன, கன்னத்தில் அடித்தால் என்ன என்று கண்டுபிடித்தேன். அந்தக் கடற்கரையில் உங்கள் கால் ஒருநாளும் படவில்லை, சேர்.

நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மாஸ்டர். கழுத்தில் விசில், தலையில் தொப்பி, வாயில் எப்போதும் கொழும்பில் நீங்கள் ஆடிய காலத்துக் கதை. அணிக்கு ஆள் எடுக்கிற அன்று வரிசையில் நின்றேன். நீங்கள் என் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தீர்கள்.

“சப்பாத்து எங்கை?”

“இல்லை, சேர்.”

“எந்த ஊர்?”

“உப்புவெளி.”

“இது குடும்பத்துப் பிள்ளையளின்ரை விளையாட்டடா. மீன் வாடியிலை விளையாடுற விளையாட்டில்லை. உனக்கு ஆசையெண்டால் பாய் விரி.”

அன்றிலிருந்து எனக்கு உப்புவெளி என்றே பெயர். “டேய் உப்புவெளி, பாயை இழு. டேய் உப்புவெளி, ஆணியை அடி.” ஆடுகளத்துக்கு விரிக்கிற அந்தக் கயிற்றுப் பாயின் பாரம் சுமந்தவனுக்குத்தான் தெரியும். அதை விரித்துவிட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து, கோர்ட்டுப் புறக்டரின் மகனும் டாக்டரின் மகனும் போடுகிற பந்துகளைப் பார்த்தேன். அவர்கள் மோசமான பெடியங்கள் இல்லை. மோசமாகப் பந்து போட்டார்கள், அவ்வளவுதான். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் புறக்டர் வீட்டு விருந்தில் உங்களுக்கு ஒரு கதிரை இருந்தது. அந்தக் கதிரை ஆடாமல் இருக்கவேண்டும் என்பதுதான் உங்கள் கிரிக்கெட் அறிவு முழுவதும்.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் ஆட வந்தது. நல்ல வெயில், கச்சான் வீசிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம்முடைய முதல் பந்துவீச்சாளன் மைதானத்து ஓரத்தில் தின்றதையெல்லாம் சத்தியெடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். நீங்கள் கூடாரத்துக்குள் வந்திருந்த பெரியவர்களுக்குப் பலகாரம் பரிமாறிக்கொண்டு நின்றீர்கள். அணித் தலைவன், அதே புறக்டரின் மகன் ராஜன், நேரே என்னிடம் வந்தான்.

“நீ பந்து போடுவியாம். உண்மையோ?”

“ஓம்.”

“சேரிட்டைக் கேட்டால் விடமாட்டார். கேக்காமல் வா.”

வெறுங்காலோடு போனேன். பாய் கொதித்தது. முதல் பந்தைக் காற்று எங்கேயோ கொண்டுபோயிற்று. இரண்டாவது பந்து வெளியே போவதுபோல் போய் உள்ளே திரும்பி, நடுக்கம்பைத் தூக்கியது. அதன் பிறகு அவர்கள் ஒருவரும் நெடுநேரம் நிற்கவில்லை. வருவதும் போவதுமாக இருந்தார்கள். கைதட்டல் சத்தம் கேட்டுத்தான் நீங்கள் கூடாரத்தை விட்டு வெளியே வந்தீர்கள். இழுத்து வெளியே விடப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ வந்திருந்த பள்ளிக்கூடத்து மாஸ்டரின் பக்கம் திரும்பி, நான் கேட்கக்கூடிய தூரத்தில், சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்:

“இவனை நான் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனான்.”

அந்த நிமிடம்வரை எனக்கு உங்களில் பயம். அதற்குப் பிறகு பயம் இல்லை. ஒரு மனிதரைப் பார்த்து வெட்கப்படுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். எனக்காக அல்ல, உங்களுக்காக வெட்கப்பட்டேன். உங்களுக்கு அது வராதபடியால் யாராவது படவேண்டியிருந்தது.

அன்றைய நடுவர்களில் ஒருவர் துறைமுகத்தில் வேலை செய்த கடற்படைக்காரர், சிங்களவர். கொழும்பில் ஒரு கழகத்துக்கு ஆடியவர். ஆட்டம் முடிந்து என் கையை வாங்கி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி கொழும்பு வாறதா? நான் கதைக்கிறது,” என்றார். அவருடைய கழகத்துக்கு வேண்டப்பட்ட கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்கர் வேலையும் இருந்தது. பள்ளிக்கூடத்து நற்சான்று வேண்டும் என்று உங்களிடம் வந்தேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமல் சொன்னதை இன்னும் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன்.

“கொழும்பிலை உன்னை ஆர் தேடுறாங்கள்? புல்மோட்டைக்குப் போ. கொப்பருக்கு உதவியாய் இரு.”

அதிபர்தான் நற்சான்று தந்தார். ஏன் விளையாட்டு மாஸ்டரிடம் வாங்கவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை. உங்களை அவருக்கும் தெரிந்திருந்தது.

கொழும்பு எனக்கு இலேசாக இருக்கவில்லை. அங்கே பாய் இல்லை, புல்லுத்தரை. பாயில் எகிறி வந்த பந்து புல்லில் படுத்துக்கொண்டது. பெரிய பள்ளிக்கூடத்துப் பெடியங்கள் என்னை நாலாபக்கமும் அடித்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். திருகோணமலை என்றால், அங்கே பள்ளிக்கூடமும் இருக்கிறதா என்பதுபோல் பார்ப்பார்கள். இரண்டாம் அணியில் போட்டார்கள். அங்கேயும் இடம் நிச்சயமில்லை. ஒவ்வொரு தரமும் ஓடத் தொடங்குமுன் உங்கள் முகத்தை நினைப்பேன். அந்தத் தொப்பி, அந்தச் சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகப் போடுவேன். பந்து இன்னும் வேகமாக எல்லைக்குப் போகும்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது அக்கா பழையபடி சாக்குத் துணியோடு கடற்கரைக்கு வந்தாள். அப்போது அவளுக்குக் கலியாணமாகி, வயிற்றில் பிள்ளை. அதனால் துடுப்புக்குப் பின்னால் நிற்கவில்லை. படகொன்றில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நீ ஆருக்குப் போடுறாய்?”

“ஏன்?”

“முகத்தைப் பார்த்தால் ஆரையோ அடிக்கப் போறவன் மாதிரி இருக்கு.”

“அந்த மாஸ்டருக்கு,” என்றேன்.

அவள் சிரித்தாள். “அந்தாள் இப்ப சாப்பிட்டிட்டு நித்திரை கொள்ளும். நீ இஞ்சை கிடந்து மாயுறாய். அந்தாளை விட்டிட்டுத் துடுப்பைப் பார்.”

துடுப்பைப் பார்த்தேன். ஒரே நாளில் எல்லாம் மாறியது என்று சொன்னால் அது உங்கள் வகைக் கதையாகிவிடும். மாதக்கணக்காயிற்று. வேகத்தைக் குறைத்தேன். புல்லுத்தரையில் பந்தை இன்னும் முன்னால் குத்தவேண்டும் என்று விளங்கியது. கொழும்பின் கடற்காற்று பின்னேரத்தில்தான் உதவும் என்று விளங்கியது. முதலாம் அணிக்கு எடுத்தார்கள். அடுத்த பருவம் வேறு கழகத்தார் வந்து கதைத்தார்கள். போகவில்லை. பிறகு ஒரு காலை, கந்தோரில் கப்பல் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது, பெரியவர் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்: நாட்டு அணியில் என் பெயர்.

அந்தக் காலத்தில் பெரிய நாடுகள் நம்மைச் சமமாக எண்ணி ஆடவில்லை. இப்போதுதான் அந்த இடம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு அவர்கள் கப்பலிலும் விமானத்திலும் போகிற வழியில் இறங்கி, நம்மோடு ஆடிவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு அணிக்கு எதிராகத்தான் இறங்கினேன். அவர்களுடைய தலைவர் பெரிய ஆட்டக்காரர், பேப்பரில் மட்டும் பார்த்திருந்த முகம். அவருக்கு நான் போட்ட பந்து வெளியே போவதுபோல் போய் உள்ளே திரும்பியது. அவர் மட்டையைத் தூக்கிப் பந்தை விட்டுவிட்டார். பின்னால் கம்பு சரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒருதரம் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த நேரம் எனக்கு உங்கள் நினைவு வரவேயில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது.

ஊர் திரும்பியபோது வரவேற்புக் கூட்டம். ஏற்பாடு நீங்கள். தலைமை நீங்கள். மேடையில் நடுக்கதிரையிலும் நீங்கள். அக்கா கைக்குழந்தையோடு முன்வரிசையில் வந்து இருந்தாள். நீங்கள் மேடையிலிருந்தே கையை வீசினீர்கள். “அது பிரமுகர்மாருக்கு. பொம்பிளையள் பின்னுக்கு.” அவள் எழுந்து போவதை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. மாலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது இருக்காது. “என்ரை பந்தை முதல் முதல் பிடிச்சது என்ரை அக்கா. அவ இப்ப பின்வரிசை வாங்கிலை இருக்கிறா. மாஸ்டர் எனக்குப் படிப்பிச்சது பாய் விரிக்கிறது. அதை நல்லாய்ப் படிப்பிச்சவர்.”

மண்டபம் சிரித்தது. எல்லாரிலும் பலமாகச் சிரித்தது நீங்கள். கைதட்டினீர்கள். “பாத்தியளோ, எவ்வளவு பணிவு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னீர்கள். இறங்கும்போது படப்பிடிப்பாளனைக் கூப்பிட்டு, என் தோளில் கையைப் போட்டீர்கள். ஒரு மனிதரை அவமதிப்பதற்கும் அவரிடம் ஏதாவது இருக்கவேண்டும். உங்களிடம் அதுகூட இருக்கவில்லை. அந்தப் படம் எடுத்த கதை இதுதான். மலரில் இதை எழுதமாட்டார்கள்.

பிறகு முழங்கால் போயிற்று. ஆட்டத்தை விட்டு, துறைமுகத்துக் கந்தோருக்கு மாற்றம் கேட்டு ஊருக்கே வந்துவிட்டேன். தெருவில் கண்டால் நீங்கள் ஆட்களை நிறுத்தி என்னைக் காட்டுவீர்கள். நான் சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுவேன்.

போன மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, “போய்ப் பார்த்திட்டு வருவம்,” என்று அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் விறாந்தையில் நின்றாள். நான் உள்ளே வந்தேன். நீங்கள் பாதியாகிப் போயிருந்தீர்கள். தொப்பி இல்லாத உங்கள் தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊசி போட வந்த மிஸியிடம் என்னைக் காட்டி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள்: “இவன் நான் வளர்த்த பிள்ளை.”

அந்தத் தாதிக்கு என்னைத் தெரியாது. சும்மா மரியாதைக்கு என்னிடம் கேட்டாள். “ஓமோ ஐயா?”

“இல்லை தங்கச்சி,” என்றேன். “இவர் என்னை வளர்க்கேல்லை.”

இந்தத் தரம் நீங்கள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். முதல் தடவையாக நான் சொன்னது உங்களுக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டாள், உள்ளே என்ன நடந்தது என்று. சொன்னேன். பஸ் நிற்கிற இடம் வந்ததும் கேட்டாள்.

“சாகப்போற மனுசனிட்டை அதைச் சொல்லத்தான் வேணுமோ?”

“ஓம்.”

“இரக்கம் வரேல்லையோ?”

“இல்லை.”

சாம்பல்தீவு பஸ் வந்தது. ஏறி, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்தோம். நீங்கள் போன செய்தி வந்த அன்றைக்கும் எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். இரக்கம் இல்லை. சந்தோசமும் இல்லை. அந்தச் சொல்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ‘இல்லை’. இப்போதும் அதுதான் என்னோடு இருக்கிறது. பாரமாகத்தான் இருக்கிறது, சேர். ஆனால் அது பொய் இல்லை. சுமந்துகொண்டு போவேன்.